கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்: லோயர் கேம்ப் முதல் தேனி வரை, தண்ணீர் போகும் வழியில்

தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போனவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவே வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். பார்த்ததும் இங்கே சைக்கிள் மிதிக்க வேண்டும் என்ற ஆசை வரும். வந்தவர்களில் பலர் அதே நெடுஞ்சாலையில் மிதித்துவிட்டு, லாரிச் சத்தத்தையும் புகையையும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும். நெடுஞ்சாலையை விட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளினாலே ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால் ஓரமாகவும் வயல் நடுவிலும் ஓடும் சின்னத் தார்ச்சாலைகள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அதில் போனால் எதிரே வருவது பால் கேனோடு ஒரு டூவீலர், களை எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிய ஒரு மினி வேன், அவ்வளவுதான்.

அந்தச் சாலைகளுக்கான வழிகாட்டி இது. மூன்று பாதைகள். ஒன்று சின்னது, ஒன்று முழு நாள், மற்றொன்று மாலை நேரத்துக்கு.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பள்ளத்தாக்கை ஒரு நீளமான தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவர் கேரள எல்லை மலைகள். கிழக்குச் சுவர் மேகமலை, வருசநாட்டு மலைகள். தெற்கு முனையில் லோயர் கேம்ப், அதற்கு நேர் மேலே குமுளி. அங்கே குறுகலாகத் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடக்கே போகப் போக அகன்று, தேனியில் திறந்துகொள்கிறது.

நடுவில் ஓடும் முல்லைப் பெரியாறு இயற்கையாக இந்தப் பக்கம் வந்ததல்ல. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மலைமேல் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். ஜான் பென்னிகுவிக் என்ற பொறியாளர் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) சேர்த்துக் கட்டிய அந்த அணை 1895-இல் திறக்கப்பட்டது. சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் நான்கு பெரிய குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. மின்சாரம் எடுத்த பிறகு வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, தேனி அருகே வைகையில் கலக்கிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகும் தண்ணீர் இது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பியிருக்கிறது.

சைக்கிள்காரருக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். பள்ளத்தாக்கின் அமைதியான சாலைகள் பெரும்பாலும் பாசனத்தை ஒட்டியே போகின்றன. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் வழி தெரியும், சரிவு தெரியும், காற்றும் தெரியும்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை ஒரு ஜூலை மாதம் தேனியிலிருந்து மேலே கிளம்பினேன். சாலை பார்க்கச் சமதளம். ஆனால் சின்னமனூர் வருவதற்குள் தொடை இறுகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று பள்ளத்தாக்கின் தெற்கு வாயிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, காத்தும் கீழ போகுது, தண்ணியும் கீழ போகுது. நீங்க ஏன் மேல போறீங்க?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்த முறை சைக்கிளை வண்டியில் ஏற்றி லோயர் கேம்ப்பில் இறங்கித் தொடங்கினேன். வேறு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது.

எனவே முதல் விதி: தெற்கிலிருந்து வடக்கு. மேலிருந்து கீழ்.

இரண்டாவது விதி நிழல். கிழக்கே மேகமலை உயர்ந்து நிற்பதால் அதன் அடிவார ஊர்களுக்குக் காலை வெயில் தாமதமாக வருகிறது. மேற்கே கேரள மலைகளுக்குப் பின்னால் சூரியன் சீக்கிரம் இறங்கிவிடுவதால் கோம்பை, தேவாரம் பக்கம் மாலை நிழல் முன்கூட்டியே விழுகிறது. ஆகவே காலையில் கிழக்கு ஓரம், மாலையில் மேற்கு ஓரம். தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் விட இந்த ஒரு கணக்குதான் என்னைக் கோடையில் காப்பாற்றியது.

எப்போது வரலாம்

எனக்குப் பிடித்தது ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும். காலையில் குளிர் இருக்கும், இரண்டாம் போக நெல் முற்றிப் பொன்னிறமாக நிற்கும், சில இடங்களில் அறுப்பும் தொடங்கியிருக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும் வரை வேண்டாம். சபரிமலை சீசன். திண்டுக்கல், தேனி வழியாகக் குமுளி போகும் வாகனங்கள் இரவு பகல் பார்க்காமல் ஓடும். ஊர்ச்சாலைகளில் அந்த நெரிசல் இல்லை என்றாலும், நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களும் அதிலேயே கொஞ்ச தூரம் போக வேண்டிய இடங்களும் நம் பாதையில் உண்டு.

அணையில் போதுமான நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்த சில வாரங்களில் வாய்க்கால் நிறைந்து, நாற்றங்காலும் நடவுமாகப் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. காட்சிக்கு அதுதான் உச்சம். ஆனால் காற்றும் அப்போதுதான் பலம். மேலிருந்து கீழே மட்டும் மிதிப்பதாக இருந்தால் ஜூலையிலும் வாருங்கள், காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். எதிர்த்து வரும் எண்ணம் இருந்தால் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மழை. ஏப்ரல், மே வெயில் கடுமை, வாய்க்காலும் வறண்டிருக்கும்.

சில நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிள் நுழைய முடியாது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம். ஆடி, தை அமாவாசைகளில் சுருளி அருவி நிரம்பி வழியும். சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறவர்களால் லோயர் கேம்ப் நிறைந்திருக்கும். திருவிழா பார்க்க வருவது வேறு, நல்ல விஷயம்தான். மிதிக்க வருவதாக இருந்தால் தேதியைப் பார்த்து வாருங்கள்.

வண்டியும் சாமானும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் மேலிருந்து கீழே வந்துவிடலாம். ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் மெல்லிய டயரை மாற்றி 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட்டுக்கொண்டால் நிம்மதி. சாலை மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. நடவுக் காலத்தில் டிராக்டர் வயலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் சேறு வளைவுகளில் காய்ந்து கட்டியாகக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலைக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு, சைக்கிளுக்கும் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம்தான்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் கருவேல முள். வேலி அடைக்க வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து சாலைக்கு வரும். ட்யூப் இரண்டு, கைப் பம்ப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான் கட்டாயம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் மூன்றிலும் சைக்கிள் கடை உண்டு. ஆனால் சாதாரண சைக்கிளின் சாமான்தான் கிடைக்கும், மெல்லிய வால்வ் வைத்த ட்யூப் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். பின்னால் மினுங்கும் சிவப்பு விளக்கும் ஹெல்மெட்டும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஊர் எல்லைகளில் வர்ணம் அடிக்காத வேகத்தடைகள் இருக்கும். மர நிழல் விழுந்தால் அவை கண்ணுக்கே தெரியாது.

ஒரு கைக்குட்டையோ துண்டோ கழுத்தில் இருக்கட்டும். திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும்போது வாடை சாலைவரை வரும். முகத்தை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்துவிட வேண்டும்.

வந்து சேர்வது, தங்குவது

மதுரை - போடி ரயில் பாதை அகலப் பாதையாக மாறி, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்துவிட்டது. மடக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. முழு சைக்கிளை முன்கூட்டியே பார்சலில் பதிவு செய்ய வேண்டும். காரில் வந்தாலும் சரி, ரயிலில் வந்தாலும் சரி, தங்குவதற்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுங்கள். லாட்ஜ்கள் உண்டு, காலை நான்கரை மணிக்கே டீ கிடைக்கும், முதல் இரண்டு பாதைகளுக்கும் அது பக்கம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப்புக்கு 15 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். சைக்கிளை ஒரு மினி லாரியில் ஏற்றி அதிகாலையில் இறக்கிவிடச் சொல்லலாம். வாடகையை முந்தின இரவே பேசி முடித்துவிடுங்கள்.

முதல் பாதை: கம்பம் - சுருளி - கம்பம்

வந்த அன்றோ மறுநாள் காலையோ, கால்களைப் பழக்குவதற்கு. போக வர 25 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

கம்பத்திலிருந்து கிழக்கே சுருளிப்பட்டிச் சாலையைப் பிடியுங்கள். ஊர் முடிந்த சற்று நேரத்தில் முல்லைப் பெரியாற்றுப் பாலம் வரும். பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் பள்ளத்தாக்கு மூடிக்கொள்ளும் இடமும், வடக்கே பார்த்தால் விரியும் இடமும் ஒரே பார்வையில் கிடைக்கும். இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பாலம் தாண்டியதும் வயல், அப்புறம் சுருளிப்பட்டியை நெருங்க நெருங்கத் திராட்சைப் பந்தல்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குப் பந்தல். கீழே குனிந்து பார்த்தால் கருநீலக் கொத்துகள் வரிசையாகத் தொங்கும். இதுதான் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம். இங்கே கவாத்து செய்யும் (கொடியின் கிளைகளை வெட்டிவிடும்) நேரத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைத்து ஆண்டு முழுவதும் பறிக்கிறார்கள். எந்த மாதம் வந்தாலும் எங்கோ ஒரு பந்தலில் பழம் இருக்கும். பறிப்பு நடக்கும் தோட்டத்தில் கேட்டால் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். சாப்பிடுவதற்கு முன் நன்றாகக் கழுவுங்கள். கேட்காமல் பந்தலுக்குள் நுழைய வேண்டாம்.

சுருளிப்பட்டியைத் தாண்டி அருவிக்குப் போகும் சாலை மெதுவாக ஏறும். கடைசி வரை சைக்கிளில் போக முடியாது. வனத்துறை வாயிலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். யானை நடமாட்டமோ வெள்ளமோ இருந்தால் அருவியை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் வாதாட வேண்டாம், பாதையின் அழகு அருவியில் மட்டும் இல்லை.

திரும்பும்போது வந்த வழியே வராமல் சுருளிப்பட்டியிலிருந்து நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாக ஒரு சுற்று சுற்றிக் கம்பம் வரலாம். வழியில் கேட்கும்போது "கே.கே.பட்டி" என்று சொல்லுங்கள், யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை.

இரண்டாம் பாதை: லோயர் கேம்ப் - தேனி

முழுப் பள்ளத்தாக்கையும் மேலிருந்து கீழே கடக்கும் பாதை. சுமார் 75 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் ஐந்தரை, ஆறு மணி நேரம். இதற்காகத்தான் இங்கே வர வேண்டும் என்று சொல்வேன்.

விடிவதற்கு முன் லோயர் கேம்ப் போய்ச் சேருங்கள், ஆனால் வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். காடு பக்கத்தில். மலைச்சரிவில் நான்கு குழாய்கள் வரிசையாக இறங்கி வருவது விடியலில் தெளிவாகத் தெரியும். மின் உற்பத்தி இல்லாத சமயம் தண்ணீரை இரைச்சல்பாலம் வழியாகவும் விடுவார்கள். பென்னிகுவிக் மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது, 2013-இல் திறந்தது. காலை அந்த நேரத்தில் மூடியிருக்கும். உள்ளே பார்க்க வேண்டும் என்றால் முந்தின நாள் மாலை ஒரு நடை வந்துவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடைச் சுவரிலும் வீட்டுப் பூஜை அறையிலும் அவர் படம் மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலோடு சேர்த்து அவருக்கும் பொங்கல் வைப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பொறியாளரை ஊரே இப்படி நினைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

லோயர் கேம்ப் முதல் கூடலூர் வரை நெடுஞ்சாலைதான், வேறு நல்ல வழியில்லை. ஏழு கிலோமீட்டர் அளவு, முழுவதும் இறக்கம். விடியலில் கிளம்பினால் வண்டி குறைவு. இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். இறக்கம் என்று வேகம் எடுக்க வேண்டாம், குமுளியிலிருந்து இறங்கும் லாரிகளும் அதே வேகத்தில்தான் வரும்.

கூடலூரில் ஒரு டீ. இங்கே நெடுஞ்சாலையை விட்டு விலகுகிறோம். கருநாக்கமுத்தன்பட்டிக்கு வழி கேளுங்கள், அங்கிருந்து குள்ளப்பகவுண்டன்பட்டி, அதன்பின் சுருளிப்பட்டிச் சாலை. வரைபடச் செயலியில் வரும் வழியை நம்பாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போங்கள். செல்போன் வரைபடம் எப்போதும் உங்களைச் சீக்கிரமாக நெடுஞ்சாலைக்குத் திருப்பிவிடத்தான் பார்க்கும். சந்திப்பில் நிற்கும் யாரிடமாவது கேட்டால், கையை நீட்டி, எந்த மரம், எந்தக் கோயில் என்று சொல்லி அனுப்புவார்கள்.

கூடலூரை விட்டதும் சத்தம் அறுந்துவிடும். வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் ஓசையும் செம்போத்தின் குரலும்தான். நெல் வயலில் கொக்கும் நாரையும் டிராக்டர் பின்னால் வரிசையாக நடக்கும். கிழக்கே மேகமலை முழுவதும் நிழலில் நீலமாக நிற்கும். வெயில் எதிர்ப்பக்கக் கேரள மலை உச்சியில் முதலில் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில்தான் நமக்கு வரும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கே.கே.பட்டி மூன்றையும் கடந்துவிட வேண்டும். அவசரம் வேண்டாம், விடியலில் கிளம்பியிருந்தால் போதும், நேரம் தானாகச் சரியாக வரும்.

கே.கே.பட்டியிலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி. இந்தப் பகுதி மலைக்கு மிக அருகில் வரும். தெருவில் மலைமாடுகள் கூட்டமாக எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். பட்டியிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் அவை, கொம்பு நீளம், மிரட்டினால் கலையும். மேய்ப்பவர் முன்னாலோ பின்னாலோ இருப்பார், அவர் சைகை காட்டிய பிறகு நகருங்கள். ராயப்பன்பட்டியில் பனிமய மாதா கோயிலின் கோபுரம் வயல்களுக்கு மேலே தூரத்திலிருந்தே தெரியும். இங்கே காலைச் சாப்பாடு. இட்லி, தோசை, சில கடைகளில் பணியாரம்.

நேரம் இருந்தால் ராயப்பன்பட்டியிலிருந்து சண்முகாநதி அணைவரை ஒரு சின்ன விலகல் போய் வரலாம். மலையடிவாரத்தில் ஒதுங்கிய நீர்த்தேக்கம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பிறகு, வெளிச்சம் நன்றாக வந்தபின், ஊர்க்காரரிடம் யானை விவரம் கேட்டுவிட்டு மட்டும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்தது நினைவிருக்கும். அதன்பின் பிடிபடும்வரை இந்த அணைப் பக்கத்துக் காட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் தொடங்கும் விளிம்பு இது. அந்த இடம் விலங்குகளுடையது என்ற நினைப்போடு போய், சத்தமில்லாமல் திரும்ப வேண்டும்.

ஆனைமலையன்பட்டியிலிருந்து கோகிலாபுரம் வழியாக ஆற்றைக் கடந்து உத்தமபாளையம். ஏறத்தாழ பாதித் தூரம் முடிந்தது. ஆற்றைப் பார்த்ததும் குளிக்கத் தோன்றும். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே பார்க்க அமைதியாக ஓடும் ஆறு அடியில் இழுக்கும், மேலே மின்நிலையத்தில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் துவைக்கும் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

உத்தமபாளையம் - சின்னமனூர் இடையே எட்டு கிலோமீட்டர் மறுபடியும் பெரிய சாலை. இந்தப் பாதையில் எனக்குப் பிடிக்காத துண்டு இதுதான். புறவழிச்சாலையில் ஏறாமல் ஊருக்குள் போகும் பழைய சாலையிலேயே வாருங்கள், வண்டிகள் பாதி குறையும். ஒன்பது மணிக்குள் இதைக் கடந்துவிட்டால் தொல்லை இல்லை.

சின்னமனூரில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி மார்க்கையன்கோட்டை. இங்கிருந்து பள்ளத்தாக்கின் முகமே மாறும். இரண்டு பக்க மலைகளும் விலகி நிற்கும், வானம் பெரிதாகும், சாலை ஓரம் வாழையும் தென்னையும் கூடிக்கொண்டே போகும். வெயிலும் ஏறியிருக்கும், ஆனால் தென்னை நிழல் துணைக்கு வரும். குச்சனூரில் கோயிலை ஒட்டிய கடைகளில் இளநீர் குடித்துவிட்டு உப்புக்கோட்டை வழியாக வீரபாண்டி. பள்ளி விடும் நேரங்களில் தவிர இந்தச் சாலையில் கூட்டம் இருக்காது. நான் இங்கே மிதிக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றுதான்.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் முல்லையாற்றின் கரையில் இருக்கிறது. மரத்தடியில் அரை மணி நேரம் உட்காரலாம். அங்கிருந்து தேனி ஏழெட்டு கிலோமீட்டர், பழனிசெட்டிபட்டி வழியாக. வண்டிகள் மிகுந்த சாலை, பதினொன்றரை மணிக்கு முன் தேனி போய்விடப் பாருங்கள்.

மூன்றாம் பாதை: உத்தமபாளையம் - தேவாரம் - போடி, மாலை நேரம்

இது மேற்கு ஓரம். சுமார் 30 கிலோமீட்டர். மூன்றரை மணி வாக்கில் உத்தமபாளையத்தில் தொடங்கினால், கோம்பை தாண்டும்போதே வலது கைப்பக்கம் வெயிலும் இடது கைப்பக்கம் மலை நிழலும் இருக்கும். சற்று நேரத்தில் நிழல் சாலையையும் மூடிவிடும்.

வயல் பசுமை இங்கே குறைவு. செம்மண், மானாவாரி, தென்னை, மாந்தோப்பு, இடையிடையே 18-ஆம் கால்வாய். லோயர் கேம்ப் பக்கம் பிரியும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை இந்த வறண்ட ஓரத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கால்வாய்தான். அதில் தண்ணீர் ஓடும் நாட்களில் இந்தச் சாலை வேறு சாலை.

கோம்பை என்றதும் நாய் நினைவுக்கு வரும். அந்த இனத்துக்குப் பெயர் தந்த ஊர் இது. தெருநாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் ஆர்வம் அடங்கிப் போய்விடும். அடுத்து பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். பெரிதாக எதையும் எதிர்பார்த்து வராதீர்கள், ஒரு மலையடிவார ஊர் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஆடு திரும்பும் நேரத்தில் அந்தத் தெருவில் கழுத்து மணிச் சத்தம் கேட்டபடி ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

தேவாரம் கொஞ்சம் பெரிய ஊர், தின்ன ஏதாவது வேண்டும் என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடி. இருட்டுவதற்குள் சிலமலை தாண்ட வேண்டும். அதற்கு மேல் எதிரே வரும் முகப்பு விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும்.

நல்ல கால் உள்ளவர்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் போகும் மலைச்சாலை பற்றிக் கேட்பார்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறலாம், ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது மலை ஏற்றத்துக்கான வேறு பயணம், வேறு தயாரிப்பு. ஹைவேவிஸ் சாலை காட்டுக்குள் போவதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்காமல் கிளம்பக் கூடாது. இந்த வழிகாட்டியைப் பள்ளத்தாக்கின் தரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போடியில் ஊருக்குள் நுழையும்போது ஏலக்காய் வாசனை வரும். மலையிலிருந்து வரும் ஏலக்காய் ஏலம் போகும் ஊர் இது. சைக்கிளை ரயிலில் ஏற்றுவதாக இருந்தால் அன்று இரவு இங்கேயே தங்கிவிடுவது நல்லது. மறுநாள் ரயில் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போங்கள். டயரில் காற்றைக் குறைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, மட்கார்டில் ஒட்டியிருக்கும் வயல் சேற்றைத் தட்டிவிட்டு, பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் கம்பியால் கட்டிக் கொடுங்கள்.